மிஸ்கீனுக்குப் பொன்னுக்கு வீங்கி

லெப்பைக்குடிக்காட்டுக்குத் துபாயிலிருந்து என்னென்னவோ வந்து இறங்கியிருக்கிறது. டேப்ரிக்கார்டர் வந்திருக்கிறது, பூப்போட்ட கம்பளி வந்திருக்கிறது, நாலு தெரு தள்ளி நின்றாலும் மூக்கைத் துளைக்கும் அத்தர் வந்திருக்கிறது. ஆனால் உயிரோடு ஒரு எலி வந்து இறங்கியது, எண்பத்திரண்டாம் வருஷம் நஜீமுதீன் லீவில் வந்தபோதுதான். அதுவும் யாருக்கு? கல்யாணம் முடிந்த கையோடு விட்டுவிட்டுப் போன பொண்டாட்டி ஹஃபீசாவுக்கு! ஊரில் மற்றவன் எல்லாம் சேலை கொண்டுவருகிறான். இவன் பால்பவுடர் டின்னில் ஓட்டை போட்டு எலி கொண்டுவருகிறான். ஏர்போர்ட்டில் பெட்டியைக் குடைந்தவர்கள் ரேடியோவைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்களாம், பால்பவுடரை யாரும் சீண்டவில்லையாம். அதைச் சொல்லிச் சொல்லிச் சிரிக்கிறான் அந்த மனுஷன்.

"எலி இல்ல ஹஃபீசா, ஹாம்ஸ்டர். அங்க பெரிய பெரிய வூட்டுல எல்லாம் வளக்குறாங்க."

டின்னிலிருந்து அது மெல்ல வெளியே வந்தது. பழுப்பும் வெள்ளையுமாக ஒரு கைப்பிடி. வால் என்று சொல்ல ஒன்றுமில்லை. கண் இரண்டும் மிளகு. ஹஃபீசா அதைக் கையில் வாங்கினாள், அது அவள் கட்டைவிரலை மோந்து பார்த்தது, அவ்வளவுதான், அவள் தொலைந்தாள்.

மாமியார் பத்ருன்னிசா மட்டும் இடுப்பில் சாவிக்கொத்து குலுங்க வந்து நின்று கண்ணை உருட்டினாள். "ஏண்டா, எலிக்குப் பயந்து நான் வலை அலமாரி வாங்கி வச்சா, நீ எலிக்கு ப்ளேன் டிக்கெட்டு எடுத்துக் கூட்டிட்டு வந்திருக்க!"

அந்த நேரம் பார்த்து அது பின்னங்காலில் எழுந்து நின்று முன்னங்கைகளை நீட்டியது. "பாரு, மிஸ்கீன் மாதிரி கையேந்துறத," என்றாள் பத்ருன்னிசா. மிஸ்கீன் என்றால் ஒன்றுமில்லாத ஏழை. பெயர் ஒட்டிக்கொண்டது. தங்க இடம்? மரப்பெட்டியில் போட்டால் மரத்தைக் கடித்தது, கூடையில் போட்டால் கூடையைக் கடித்தது. கடைசியில் பாலும் ஆணக் குழம்பும் வைத்து எலிக்கு எட்டாமல் பூட்டுகிற அந்தக் கம்பி வலை அலமாரியின் கீழ்த்தட்டையே அதற்கு ஒழித்துக் கொடுக்க வேண்டியதாயிற்று. எலி உள்ளே, பால் வெளியே. என்ன அநியாயம் இது என்று பத்ருன்னிசா தெருவுக்கே கேட்கும்படி கேட்டாள்.

"ஒண்ணு சொல்லிட்டேன், கேட்டுக்க," என்றாள் மருமகளிடம். "வூட்டுல இருக்கட்டும். ஆனா ஒரு நாள் அது நோவுன்னு படுத்துச்சு, மறுநிமிசம் வெள்ளாத்தங்கரைக்குப் போயிடும். பேச்சு மாற மாட்டேன்."

மாறவும் மாட்டாள். பத்ருன்னிசா ஒன்று சொன்னால் அவள் புருஷன் தாஜுதீனே எதிர்த்துப் பேசமாட்டார். மகன் கொண்டுவந்த பாதாம் டின் அவள் பீரோவுக்குள் போனது, அவள் பூட்டினாள், அதோடு சரி. லீவு முடிகிற வரைக்கும் தினம் காலையில் ஊறவைத்து, தோலுரித்து, புழு இருக்கிறதா என்று இரண்டாகப் பிளந்து பார்த்து, மகன் வாயில் அவளே வைப்பாள். மீசை வைத்த மகன், கல்யாணமான மகன், வெட்கமே இல்லாமல் வாயைத் திறப்பான். அவன் திரும்பிப் போன பிறகு தாஜுதீன் ஒரு நாள், "அந்தப் பாதாம்ல ரெண்டு..." என்று இழுத்தார். "தீந்துபோச்சு," என்று பதில் வந்தது. பேப்பரைத் தூக்கி முகத்தை மறைத்துக்கொண்டார் மனுஷர்.

நஜீமுதீன் கிளம்பிய அன்று பஸ் நிற்கும் இடத்தில் ஹஃபீசா முந்தானையைக் கடித்துக்கொண்டு நின்றாள். இரண்டு வருஷத்துக்கு அப்புறம்தான் இனி முகத்தையே பார்க்க முடியும். ஏதாவது சொல்லமாட்டானா என்று பார்க்கிறாள். அவனும் சொன்னான்.

"ஒரே தீனியப் போடாத. மாத்தி மாத்திப் போடணும். தானியம், காய், கீரை, வாரத்துல ஒரு நாளு அவிச்ச முட்டை துளியூண்டு. இனிப்பு ஆகாது. புளிப்பு ஆகாது. வெங்காயத்தையும் பூண்டையும் கண்ணுலயே காட்டாத."

சுற்றுவட்டாரம் பூராவும் சின்ன வெங்காயம் விளைகிற சீமைக்கு ஒருத்தன் வந்து சேர்ந்தானாம், அவனுக்கு வெங்காயம் ஆகாதாம்! ஹஃபீசாவுக்கு அழுகையோடு சிரிப்பும் வந்துவிட்டது. "ஒரு வாரந்தான் வளத்தேன், கடைக்காரரு சொன்னதத்தான் சொல்றேன்," என்று ஜன்னல் வழியாகக் கத்தினான் அவன். "நான் வர்ற வரைக்கும் நல்லா வச்சிரு!" பஸ் போய்விட்டது.

அன்றிலிருந்து மிஸ்கீன்தான் அவளுக்கு எல்லாம். பெரிய வீடு, எல்லாமே மாமியாருடையது. அடுப்பு மாமியாருடையது, அரிவாள்மணை மாமியாருடையது, மாமனார்கூட மாமியாருடையவர்தான். என்னுது என்று அவள் சொல்லிக்கொள்ள அந்த ஒரு கைப்பிடி உயிர் மட்டும்தான் இருந்தது. புருஷன் ஞாபகம் வந்தால் அலமாரி முன்னால் உட்கார்ந்து அதனிடம் பேசுவாள். அது காதை ஆட்டும். கடிதத்தில் எழுத முடியாததை எல்லாம் அது கேட்டிருக்கிறது.

சாப்பாட்டு விஷயத்தில் அவள் ஒரு பிசகு வைக்கவில்லை. ஒரு நாள் கம்பு, ஒரு நாள் வரகு, ஒரு நாள் உடைத்த மக்காச்சோளம், எல்லாம் ஒரே ஒரு ஸ்பூன். கூடவே வெள்ளரிப் பிஞ்சோ கேரட்டோ நகத்தளவு. முருங்கைக் கீரை என்றால் நாலே இலை. எறையூர்ப் பக்கமிருந்து பஸ்ஸில் காய்கறிக் கூடையோடு வருகிற காத்தாயி முதல் நாள் இதைப் பார்த்துவிட்டு வாயில் கை வைத்தாள்.

"எம் புருசனுக்கு நான் இம்புட்டு வகையா ஆக்கிப் போட்டதில்ல தங்கச்சி. நேத்துக் கம்பு போட்டேன், இன்னைக்கும் கம்பான்னு கேட்டா, முதுகுல ஒண்ணு வப்பேன்."

ஆனால் கொஞ்ச நாளாக ஹஃபீசாவுக்கு ஒரு கவலை. மிஸ்கீன் அவள் போடுவதைச் சாப்பிடவில்லை. கம்பு அப்படியே கிடக்கும். வரகை மோந்து பார்த்துவிட்டுத் திரும்பிக்கொள்ளும். கீரையை மிதித்துக்கொண்டு போகும். ஆனால் உடம்பு என்னவோ உருண்டு திரண்டுகொண்டே வந்தது! கேழ்வரகு போட்டுப் பார்த்தாள், பாசிப்பயறு முளைகட்டிப் போட்டுப் பார்த்தாள், புடலங்காய் விதை காயவைத்துப் போட்டுப் பார்த்தாள். துரை எதற்கும் மசியவில்லை. என்ன குறை வைத்தேன், எதில் தப்புவிட்டேன் என்று அவள் படுத்தால் தூக்கம் வராமல் தவித்தாள்.

இந்த நேரம் பார்த்து ஊரில் பொன்னுக்கு வீங்கி வந்து தொலைத்தது. தெருவில் பாதிப் பிள்ளைகள் கன்னம் வீங்கிப் போய், அதற்கு வைத்தியமாக அம்மாவின் தங்கச் சங்கிலியைக் கழுத்தில் போட்டுக்கொண்டு, பள்ளிக்கூடம் போகாத சந்தோஷத்தில் சுற்றின. பொன் கழுத்தில் கிடந்தால் வீக்கம் வடிந்துவிடும். யார் கண்டுபிடித்ததோ, எல்லா வீட்டிலும் அதுதான் வைத்தியம். பள்ளிக்கூடம் இல்லாத பிள்ளைகள் எங்கே போகும்? துபாய் எலியைப் பார்க்க நேராக இங்கேதான் வந்தன. வலையில் மூக்கை வைத்து அழுத்திக்கொண்டு, வீங்கிய கன்னங்களோடு, "மிஸ்கீனு, மிஸ்கீனு" என்று கூப்பிட்டன.

அந்த வெள்ளிக்கிழமை காலை ஹஃபீசா அலமாரியைத் திறந்தாள்.

மிஸ்கீனின் முகம் இரண்டு பக்கமும் வீங்கிக் கிடந்தது. சும்மா வீக்கமா! உடம்பைவிடத் தலை பெரிது. கண் இரண்டும் பக்கவாட்டில் ஒதுங்கிப்போய், பார்க்கவே சகிக்கவில்லை. கொஞ்சம் கேரட்டை வாய்க்கு நேரே நீட்டினாள், அது வாயைத் திறக்கக்கூட மாட்டாமல் பேந்தப் பேந்த விழித்தது.

"காத்தாயிக்கா!" என்று கொல்லைப் பக்கம் பார்த்துக் கிசுகிசுத்தாள். அங்கே காய் பிரித்துக்கொண்டிருந்த காத்தாயி ஓடிவந்து, குனிந்து ஒரே ஒரு தடவைதான் பார்த்தாள்.

"ஐயையோ தங்கச்சி, இது பொன்னுக்கு வீங்கிதான்! போன வாரம் எம் பேரனுக்கு இதே மாதிரிதான் ரெண்டு பக்கமும் பம்முன்னு ஊதுச்சு. அந்தப் புள்ளைங்க மூஞ்சிய வச்சி வச்சி, இதுக்கும் ஒட்டிக்கிச்சு."

"மாமிக்குத் தெரிஞ்சா இன்னைக்கே ஆத்தங்கரைதான். நான் என்னக்கா பண்ணுவேன்? அவருகிட்ட என்னன்னு எழுதுவேன்?" ஹஃபீசாவுக்குக் கண்ணில் பொலபொலவென்று வந்துவிட்டது.

"இதுக்குப் போயி அழுவாங்களா! பொன்னு போட்டா வடிஞ்சிட்டுப் போவுது. சங்கிலிய எடு."

"சங்கிலி இதவிட எட்டு மடங்கு நீளம்க்கா."

இரண்டு பேரும் மிஸ்கீனின் கழுத்தைப் பார்த்தார்கள். கழுத்து என்று ஒன்று இருந்தால் அல்லவா! அப்புறம் காத்தாயியின் பார்வை ஹஃபீசாவின் சுண்டுவிரலுக்குப் போயிற்று. கல் இல்லாத மெல்லிய மோதிரம். நிக்காஹ் அன்று பத்ருன்னிசா தன் விரலிலிருந்து கழற்றி மருமகளுக்குப் போட்டது. ஹஃபீசா தயங்கினாள். மிஸ்கீன் கையேந்தியது. போதாதா? பிஸ்மில்லா சொல்லிக் கழற்றினாள். காத்தாயி கறுப்பு நூலில் கோத்து, மூன்று முறை நழுவி, நாலாம் முறை கட்டிவிட்டாள். மார்பில் பொன் தொங்க அது மைனர் மாதிரி நின்றது. இரண்டு பேருக்கும் சிரிப்பு தாங்கவில்லை. மாமி காதில் விழக்கூடாதென்று ஆளுக்கொரு பக்கம் முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டார்கள்.

மதியம் ஜும்ஆ தொழுகைக்கு முன்னால் வடிந்திருக்கிறதா என்று பார்க்க ஹஃபீசா மறுபடி திறந்தாள். வடியவில்லை. ஒரு பக்கம் இன்னும் கொஞ்சம் வீங்கியிருந்தது. கழுத்தில் நூலும் இல்லை, மோதிரமும் இல்லை.

துணியை உதறினாள். தட்டைத் தடவினாள். அலமாரியை நகர்த்தி அடியில் பார்த்தாள். கடித்துத் துப்பிய கறுப்பு நூல் மட்டும் ஒரு மூலையில் கிடந்தது. அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். முழுங்கிவிட்டது! பொன்னும் போயிற்று, மிஸ்கீனும் போகப்போகிறது.

தாஜுதீன் தொழுதுவிட்டு வந்தார். நடுக்கூடத்தில் பாய் விரித்து, நடுவே எல்லாரும் சுற்றி உட்கார்ந்து சாப்பிடுகிற பெரிய சஹன் தட்டை வைத்தாள் ஹஃபீசா. இடது கையை முந்தானைக்குள் ஒளித்துக்கொண்டு ஒற்றைக் கையால் எப்படித் தட்டு வைப்பது? பத்ருன்னிசாவின் கண்ணுக்கு ஊசி விழுந்தாலும் தெரியும்.

"கையக் காட்டு. ஏன் விரலு மூளியா இருக்கு?"

ஹஃபீசா வாயைத் திறந்தாள், பேச்சுக்குப் பதில் அழுகை வந்தது. அழுகையின் நடுவில் கதையும் வந்தது. நோவு வந்ததையும் சொன்னாள், மறைத்ததையும் சொன்னாள், வைத்தியத்தையும் சொன்னாள். "முழுங்கிடுச்சு மாமி. நாந்தான் போட்டேன். காத்தாயிக்கா மேல தப்பு இல்ல."

காய் விற்றுவிட்டுக் காசு வாங்கத் திரும்பி வந்திருந்த காத்தாயி கதவுக்குப் பின்னால் ஒரு அங்குலம் ஒதுங்கினாள்.

"யா அல்லாஹ்!" பத்ருன்னிசா நெற்றியில் கை வைத்தாள். "எலிக்குப் பொன்னுக்கு வீங்கியாம்! எலிக்கு மோதிரமாம்!"

"விளக்கெண்ணெய் ஒரு சொட்டு குடுத்தா..." என்று ஆரம்பித்தார் தாஜுதீன்.

"நீங்க சும்மா இருங்க. கொண்டா அத இங்க!"

ஹஃபீசா மிஸ்கீனை இரண்டு கையிலும் ஏந்தி வந்தாள். ஓடிவிடக்கூடாது என்று பத்ருன்னிசா அதைக் காலி சஹனுக்கு நடுவில் இறக்கச் சொன்னாள். வழவழவென்ற பெரிய தட்டு, சுற்றிலும் விளிம்பு, விளிம்புக்கு மேலே மூன்று முகங்கள். மிஸ்கீன் ஓடிப் பார்த்தது, வழுக்கி வந்த இடத்துக்கே வந்தது. பயந்துபோய் நடுவில் நின்றது. நின்று, இரண்டு கையாலும் தன் கன்னத்தைப் பின்னாலிருந்து முன்னால் அழுத்தித் தள்ளியது.

டிங் என்று ஒரு வேர்க்கடலை தட்டில் விழுந்தது.

இன்னொன்று விழுந்தது. அப்புறம் ஒன்று. ஒரு கன்னம் பாதி இறங்கிவிட்டது.

"அட, நோவு இல்ல!" ஹஃபீசா கத்தியே விட்டாள். "பை! கன்னத்துக்குள்ள பை வச்சிருக்கு!" பிறகுதான் உறைத்தது. "நான் கடலையே போடுறதில்லயே. எண்ணெய்ச் சத்துன்னு தொடவே மாட்டேனே. யாரு போட்டது?"

காத்தாயி கதவுக்குப் பின்னாலிருந்து அசடு வழிய எட்டிப் பார்த்தாள். "கூடையோட வந்தா கையேந்துது தங்கச்சி. மனசு கேக்கல. தினம் ரெண்டு மூணுதான். இன்னைக்கு வெள்ளிக்கிழமை, பாய்மாரு வூட்டுல ஏழைக்குக் குடுக்கிற நாளாச்சேன்னு வந்ததுமே ஒரு கை கூடப் போட்டேன்."

அதற்குள் பொட்டுக்கடலை உதிர ஆரம்பித்தது. அது வந்துகொண்டே இருந்தது. தாஜுதீன் சட்டென்று தொப்பியைச் சரிசெய்துகொண்டு கூரையைப் பார்த்தார். அவர் சட்டைப் பையில் எந்நேரமும் என்ன இருக்கும் என்று அந்தத் தெருவுக்கே தெரியும்.

"மாமா!"

"வெள்ளிக்கிழமை," என்றார் அவர் கூரையிடம். "மிஸ்கீனுக்குக் குடுத்தா நன்மை."

இத்தனை நாளாக அவள் தலையைப் பிய்த்துக்கொண்டு யோசித்ததெல்லாம் இதற்குத்தானா! வரகு ருசிக்கவில்லையா, கீரை முற்றலா என்று எத்தனை தவிப்பு! ஹஃபீசாவுக்குக் கோபமும் சிரிப்பும் ஒன்றாகப் பொங்கின. அந்த நேரத்தில் மிஸ்கீன் மற்ற கன்னத்தை அழுத்தியது, பொட்டுக்கடலைக்கு நடுவே மஞ்சளாக ஒன்று உருண்டோடி விளிம்பில் மோதிச் சுழன்று படுத்தது.

மோதிரம்! காத்தாயி கைதட்டினாள். தாஜுதீன் அல்ஹம்துலில்லாஹ் என்றார். ஹஃபீசா அதை எடுத்துத் துடைத்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள்.

பத்ருன்னிசா மட்டும் சிரிக்கவில்லை. "பொன்னு கெடச்சிருச்சுல்ல? போதும் இந்தக் கூத்து. இன்னைக்கு மோதிரம், நாளைக்கு எங் கம்மலத் தின்னும். எடு டின்ன, ஆத்தங்கரைக்குக் கொண்டுபோ," என்றவள் ஏனோ வழக்கத்துக்கு மாறாக அவசரப்பட்டாள். தட்டைத் தூக்கவே குனிந்துவிட்டாள்.

ஹஃபீசா தட்டை இறுகப் பிடித்துக்கொண்டாள். "மாமி, நோவு இல்ல. நோவு வந்தாத்தானே போகணும்னீங்க!" மாமியாரை எதிர்த்து அவள் பேசிய முதல் பேச்சு அது. அவளுக்கே திக்கென்றது.

இரண்டு பேரும் தட்டை இழுத்ததில் மிஸ்கீன் ஆடிப்போயிற்று. கடைசியாக ஒரு முறை, முழு பலத்தோடு, கன்னத்தைத் தள்ளியது. ஈரமாக, வெள்ளைவெளேரென்று ஒன்று வழுக்கிக்கொண்டு வந்து விழுந்தது. கூடவே அதன் ஜோடி.

ஊறவைத்து, தோலுரித்து, புழு இருக்கிறதா என்று இரண்டாகப் பிளந்து பார்த்த பாதாம்.

இன்னும் இரண்டு பாதி வந்தன. அப்புறம் இரண்டு. கன்னம் இரண்டும் வடிந்து மிஸ்கீன் பழைய மிஸ்கீன் ஆகி, தன் சொத்துக்கு நடுவில் உட்கார்ந்து முகம் கழுவிக்கொண்டது. தாஜுதீன் பாதாமைப் பார்த்தார். மனைவியின் இடுப்புச் சாவியைப் பார்த்தார். மறுபடி பாதாமைப் பார்த்தார்.

"தீந்துபோச்சுன்ன?" என்றார்.

பத்ருன்னிசாவின் முகம் சிவந்துபோயிற்று. சாவிக்கொத்தை முந்தானைக்குள் திணித்தாள், வெளியே எடுத்தாள்.

"என்ன பண்றது? பஜ்ரு தொழுகைக்கு எந்திரிச்சா கை பாட்டுக்கு பாதாம எடுத்து ஊறப்போட்டுடுது. உரிச்சப்புறந்தான் ஞாபகம் வருது, திங்கிறவன் இங்க இல்லைன்னு." தட்டில் கிடந்த ஒரு பாதியை எடுத்துப் பார்த்தாள். "அவன் கொண்டாந்து விட்ட உசிரு. கைய வேற ஏந்துது. அவன் வாயில வைக்கிறதா நெனச்சு இது வாயில வச்சேன். போதுமா? இனி எல்லாருமாச் சிரிங்க."

ஆனால் யாரும் சிரிக்கவில்லை. ஹஃபீசா தட்டை விட்டுவிட்டு மாமியாரின் கையைப் பிடித்துக்கொண்டாள். இத்தனை நாளும் இந்த வீட்டில் அவனுக்காக ஏங்குகிற ஒரே ஆள் தான்தான் என்று நினைத்துக்கொண்டிருந்தாளே, பைத்தியக்காரி!

"எனக்கும் அப்படித்தான் மாமி இருக்கு," என்றாள்.

பத்ருன்னிசா மூக்கை உறிஞ்சினாள். பிறகு அவள் பழைய பத்ருன்னிசாவாகவே ஆகிவிட்டாள். எழுந்தாள், பீரோவைத் திறந்தாள், டின்னோடு வந்து உட்கார்ந்தாள். காலையில் ஊறி மிச்சமிருந்த ஒரு கிண்ணமும் கூடவே வந்தது.

"அதுக்கு ஒரு நாளைக்கு எத்தன குடுக்கலாம்? நீதான் கணக்கா வச்சிருக்கியே, சொல்லு."

"வாரத்துக்கு ஒரு பாதி மாமி. அதுக்கு மேல போனா கொழுப்பு." ஹஃபீசா கண்ணைத் துடைத்துக்கொண்டு கண்டிப்பாகச் சொன்னாள். "கடலை ஒண்ணே ஒண்ணு. பொட்டுக்கடலை கூடவே கூடாது. கம்பும் வரகும் கீரையும் தின்னே ஆகணும்."

"கேட்டுச்சா?" என்று பத்ருன்னிசா காத்தாயியையும் தாஜுதீனையும் ஒரு முறை முறைத்தாள். ஆற்றங்கரைப் பேச்சை அவளும் எடுக்கவில்லை, மற்றவர்களும் எடுக்கவில்லை. "அப்ப மிச்சம் இத்தனையும் என்ன பண்றது?"

கிண்ணத்திலிருந்து ஒரு பாதாமை எடுத்தாள். தோலை உரித்தாள், பிளந்தாள், வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தாள். ஹஃபீசாவின் முகத்துக்கு நேரே நீட்டினாள்.

"ஆ காட்டு."

ஹஃபீசா ஆ காட்டினாள். பாதாம் கன்னத்துக்குள் போயிற்று. மென்று முடிப்பதற்குள் அடுத்தது வந்தது, அதற்குள் இன்னொன்று. இரண்டு கன்னமும் உப்பிப்போய், சிரிக்கவும் முடியாமல் அழவும் முடியாமல் அவள் உட்கார்ந்திருந்ததைப் பார்த்து, "போச்சு, தங்கச்சிக்கும் ஒட்டிக்கிச்சு!" என்று காத்தாயி விழுந்து விழுந்து சிரித்தாள்.

எதிரே தாஜுதீனும் வாயைத் திறந்துகொண்டுதான் உட்கார்ந்திருந்தார். அவரை யாரும் கவனிக்கவில்லை.